எஞ்சினில் முறிந்த போல்ட்: கேள்விகளும் பதில்களும்

வீட்டு வாசலில் கார் எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், முறிந்த போல்ட், ஸ்டட்டு (தலையில்லாத போல்ட்), கெட்டுப்போன மரை ஆகியவற்றைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சேலம்): ஐயா, தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றும்போது 8 மி.மீ. போல்ட் ஒன்று முறிந்து, அலுமினிய ஹெட்டின் (எஞ்சினின் மேற்பாகம்) மட்டத்தோடு நின்றுவிட்டது. எக்ஸ்ட்ராக்டர் (முறிந்த துண்டில் துளையிட்டு, அதற்குள் நுழைத்துச் சுழற்றி எடுக்கும் கருவி) வாங்கி வந்து கழற்றிவிடலாமா? நாளைக் காலை வண்டி தேவைப்படுகிறது.

பதில்: நாளைக் காலைக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கருவியைத் தேடும் முன் போல்ட் எப்போது முறிந்தது என்று பார்க்க வேண்டும். இறுக்கும்போது முறிந்திருந்தால் மரை பெரும்பாலும் சுதந்திரமாகவே இருக்கும். உள்ளே நிற்கும் துண்டு எளிதில் சுழலும். கழற்றும்போது முறிந்திருந்தால் மரை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்களுடையது இரண்டாவது வகை. கூலன்ட் கசிந்து நனைந்த இடத்தில் எஃகும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு, அந்த வெண்ணிறப் பொடி மரையின் இடுக்கெல்லாம் நிரம்பி இறுகிவிடும்.

இப்போது எக்ஸ்ட்ராக்டரை எண்ணிப் பாருங்கள். ஒரு தண்டின் விட்டம் பாதியானால் அது முறுக்கைத் தாங்கும் திறன் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. முழு 8 மி.மீ. போல்ட்டே தாங்காமல் முறிந்த முறுக்கை, அதற்குள் 4 மி.மீ. துளையில் நுழைக்கும் கருவி எப்படித் தாங்கும்? போதாததற்கு, ஆப்பு வடிவில் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் உள்ளே இறங்க இறங்க, துண்டை விரித்து மரையோடு மேலும் இறுக்குகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விடுங்கள். இடையிடையே துண்டின் தலையில் சென்டர் பஞ்ச் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். மறுநாள் வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் பிடி தளரும். தீச்சுடரைக் கொண்டு செல்ல வேண்டாம், ஏனெனில் அலுமினியம் சிவந்து எச்சரிக்கை தராமலேயே 660 டிகிரி வாக்கில் உருகிவிடும். பிறகு இடப்பக்கம் சுழன்று வெட்டும் டிரில் பிட்டை மாட்டி, டிரில்லைப் பின்னோக்கிய சுழற்சியில் மெதுவாக ஓட்டுங்கள். பல சமயம் பிட் கடித்தவுடன் துண்டு தானாகவே சுழன்று வெளியே வந்துவிடும்.

துளை நடுவில் விழ வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கையால் பிடித்துத் துளைத்தால், பிட் கடினமான எஃகை விட்டு மென்மையான அலுமினியத்துக்குள் சறுக்கிப் போகும். லேத் பட்டறையில் ஒரு புஷ் (சிறு உலோகக் குழல்) கடைந்து வாங்குங்கள்: வெளிவிட்டம் மூடியின் போல்ட் துளைக்குள் ஆட்டமின்றிப் பொருந்த வேண்டும், உள்விட்டம் முதல் பிட்டின் அளவாக இருக்க வேண்டும். மூடியை மற்ற போல்ட்களால் பழையபடி மாட்டி, அந்தப் புஷ்ஷை வழிகாட்டியாக வைத்துத் துளையுங்கள். துண்டு சுழலாவிட்டால் 3, 5, 6.5 மி.மீ. என்று படிப்படியாகத் துளையைப் பெரிதாக்குங்கள். புரிகளுக்கு இடையே 1.25 மி.மீ. உள்ள இந்த மரைக்கு, மரை வெட்டும் முன் இடும் அடித்துளை 6.8 மி.மீ. என்பதால், எஞ்சும் மெல்லிய எஃகு உறையைக் கொக்கி ஊசியால் சுருளாக உரித்தெடுத்து, மரை வெட்டும் கருவியான டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். அதே அளவுள்ள மற்றொரு போல்ட்டை அளந்து, பிட்டில் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துளைக்குப் பின்னால் நீர்ப்பாதை இருக்கக்கூடும்.

கேள்வி (திருச்சி): வால்வ் கவர் போல்ட், 6 மி.மீ., இறுக்கும்போது தலை துண்டாகிவிட்டது.

பதில்: கூரிய ஊசிமுனையைத் துண்டின் ஓரத்தில் வைத்து இடப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் சுழலும். அந்த அளவு போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது 15 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 7 கிலோவுக்கும் குறைவான அழுத்தம். உங்கள் காரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி (மதுரை): எந்த நிறுவனத்தின் எக்ஸ்ட்ராக்டர் நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (கோவை, லேத் பட்டறை உரிமையாளர்): எக்ஸ்ட்ராக்டரே கூடாது என்பதுபோல் எழுதுகிறீர்கள், சார். எங்கள் பட்டறையில் அதைக் கொண்டுதான் தினமும் போல்ட் எடுக்கிறோம்.

பதில்: உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. நீங்கள் ஹெட்டைக் கழற்றி மேசையில் இறுக்கி, நிலையான துரப்பண இயந்திரத்தில் செங்குத்தாகத் துளையிட்டு, பாகத்தை முழுவதும் சூடாக்கிய பின் எக்ஸ்ட்ராக்டரை விடுகிறீர்கள். மரையின் பிடியை வெப்பம் விடுவித்துவிட்டதால் எக்ஸ்ட்ராக்டருக்கு அங்கே சுழற்றும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. என்னிடம் கேட்பவரோ ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கையை நுழைத்து, கண்ணாடியில் பார்த்தபடி வேலை செய்பவர்.

மறு கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் இறுக்கும்போது முறிந்த போல்ட்டுக்கு வீட்டிலும் பயன்படுத்தலாம் அல்லவா? நீங்களே மரை சுதந்திரமாக இருக்கும் என்கிறீர்கள்.

பதில்: பயன்படுத்தலாம்; ஆனால் அந்த நிலையில் இடச்சுழற்சி பிட்டே துண்டை வெளியே கொண்டுவந்துவிடும் என்பதால், எக்ஸ்ட்ராக்டருக்கு வேலை வருவது அரிது. தேவை குறைவாக உள்ள இடத்தில் பாதுகாப்பாகவும், தேவை மிகுந்த இடத்தில் ஆபத்தாகவும் இருக்கும் கருவியை முதல் கருவியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். கூம்பு வடிவத்தைவிட நேரான பள்ளங்கள் கொண்ட வகை துண்டைக் குறைவாக விரிக்கும் என்று நீங்கள் தனியாக எழுதியிருந்தது சரியே; வாங்கியே தீருவேன் என்பவர்கள் அதை வாங்கலாம்.

கேள்வி (டொராண்டோ): பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) ஸ்டட்டுகள் துருவேறிவிட்டன. ஒன்று முறிந்து 3 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

பதில்: நீட்டிக்கொண்டிருப்பது உங்கள் நல்வாய்ப்பு. சற்றுப் பெரிய நட்டு ஒன்றை அதன் மேல் வைத்து, நட்டின் துளை வழியாக வெல்டிங் செய்து இரண்டையும் ஒன்றாக்குங்கள். எஃகு வெல்டிங் அலுமினிய ஹெட்டோடு இணையாது என்பது இங்கே உதவும். இந்த முறையின் பலம் நட்டின் பிடியைவிட வெப்பத்தில்தான் இருக்கிறது: சிவந்த ஸ்டட்டு விரிய இடமின்றி நெருங்கி, ஆறும்போது சுருங்கி, துருவின் பிணைப்பை உடைத்துவிடுகிறது. செம்மை மறைந்ததும் மெழுகுவர்த்தியை மரையின் விளிம்பில் தொட்டு உருக விட்டு, ஸ்பானரால் சிறிது இறுக்கியும் சிறிது தளர்த்தியும் ஆட்டுங்கள். ஒரே திசையில் இழுக்காதீர்கள்.

பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங்கைத் தொடாதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் அந்த இடத்தைத் துடைத்திருந்தால், வெல்டிங் வெப்பத்தில் அது ஃபாஸ்ஜீன் என்னும் உயிர்கொல்லி வாயுவாக மாறக்கூடும். வெல்டிங் பழக்கமில்லாதவர் பழக்கமுள்ளவரை வீட்டுக்கு அழைப்பதே நல்லது.

கேள்வி (யாழ்ப்பாணம்): படிகாரக் கரைசல் எஃகைக் கரைத்துவிடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: உண்மைதான், நல்ல கேள்வியும்கூட. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பித்தளைத் தட்டில் முறிந்த எஃகுத் திருகை இவ்வாறு கரைப்பதுண்டு. சூடான அடர்ந்த படிகாரக் கரைசல் எஃகை மெல்ல அரிக்கும். பித்தளையையும் அலுமினியத்தையும் அநேகமாகத் தொடாது. ஆனால் கரைசலுக்கு வேண்டிய எஃகு, வேண்டாத எஃகு என்ற பாகுபாடு கிடையாது. வால்வ் இருக்கைகள் பொருத்திய ஹெட்டை அதில் ஊறவைத்தால் அவையும் அரிக்கப்படும். எஃகுப் பாகம் எதுவும் இல்லாத தெர்மோஸ்டாட் ஹவுசிங் போன்ற தனி அலுமினியப் பாகத்துக்குப் பொறுமை இருந்தால் முயலலாம்.

கேள்வி (ஈரோடு): எக்ஸ்ட்ராக்டர் உள்ளே முறிந்துவிட்டது. எந்த டிரில் பிட் அதைத் துளைக்கும்?

பதில்: சாதாரண பிட் எதுவும் துளைக்காது. கார்பைடு பிட் துளைக்கும், ஆனால் கை டிரில்லில் நொறுங்கும். பாகத்தைக் கழற்றி, மின்பொறி அரிப்பு இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி (வேலூர்): மோட்டார் சைக்கிள் சைலன்சர் போல்ட்டுக்கு விலை என்ன?

பதில்: உதிரிபாகக் கடையில் கேளுங்கள்.

கேள்வி (நெல்லை): புதிய போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவலாமா?

பதில்: கையேடு உலர்ந்த மரைக்கு அளவு சொல்லியிருந்தால் தடவக் கூடாது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி தலைக்கு அடியிலும், 40 விழுக்காடு மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது; 10 விழுக்காடுதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. உராய்வைக் குறைத்துவிட்டு அதே அளவுக்கு இறுக்கினால் இழுவிசை மிகுந்து, போல்ட் நீண்டோ முறிந்தோ போகும். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால் இன்னும் மோசம்: போல்ட் இறங்கும்போது வெளியேற வழியில்லாத திரவம் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும்.

கேள்வி (திண்டுக்கல்): சிறிய அளவு எக்ஸ்ட்ராக்டர் செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: இந்தத் தொகுப்பில் இதைக் கேட்கும் மூன்றாவது நபர் நீங்கள். அந்தப் பணத்தில் இடச்சுழற்சி பிட்டுகளும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்குங்கள்.

கேள்வி (கும்பகோணம்): துளை ஓரமாகப் போய் மரை பாழாகிவிட்டது. ஹெட்டையே மாற்ற வேண்டுமா?

பதில்: தேவையில்லை. 8 மி.மீ. போல்ட்டுக்கான ஹெலிகாயில் செட்டில் உள்ள சுமார் 8.3 மி.மீ. பிட்டால் துளையைச் சீர்செய்து, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுச் சுருளைப் பொருத்தினால் பழைய அளவுப் போல்ட்டையே மாட்டலாம். துளை அதைவிட ஓரம் போயிருந்தால், வெளிப்புறம் பெரிதாக உள்ள கெட்டியான மரைப் புஷ் வகையைப் பயன்படுத்த வேண்டும். அதை லேத் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள். வெட்டும்போது டேப்பில் கிரீஸ் பூசுங்கள், துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அலுமினியத் துகளைக் காந்தம் எடுக்காது என்பதால், அருகிலுள்ள துளைகளை எல்லாம் துணியால் அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடிந்ததும் துணிகளை எண்ணிப் பார்த்து வெளியே எடுங்கள்.