அணை நீர்மட்டப் பட்டியலைப் பக்கம் பக்கமாகக் காட்டுவதற்கு லூப்பை எப்படி எழுத வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு 1, சிற்றாறு 2 ஆகிய நான்கு அணைகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் பதிந்து, ஓராண்டுக்கு 1460 பதிவுகள் கொண்ட அட்டவணை ஒன்றைக் கல்லூரித் திட்டப்பணிக்காக உருவாக்கியிருக்கிறீர்கள். பக்கத்துக்கு 25 பதிவுகள் வீதம் பிஎச்பி என்ற நிரல்மொழியையும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தையும் கொண்டு காட்டுகிறீர்கள். பக்க எண்கள் அனைத்தும் வரிசையாக நீண்டு கைபேசித் திரையை நிரப்பிவிடுகின்றன. சில பதிவுகள் இரண்டு பக்கங்களில் வருகின்றன, சில எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. மழையளவை வேறொரு தளத்தின் ஏபிஐயிலிருந்து (நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வழி) இழுக்கும் நிரல் சில நேரம் பாதியில் நின்றுவிடுகிறது, சில நேரம் நிற்பதே இல்லை. இம்மூன்றையும் லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியைக், கொண்டு எப்படிச் சரிசெய்வது என்பது கேள்வி.

நாகர்கோவிலில் வலைத்தள வேலை செய்பவன் என்ற முறையில், இதே வகைக் குழப்பத்தைப் பலருடைய நிரல்களில் பார்த்திருக்கிறேன். இதற்கு வேர் ஒன்றுதான். பக்க எண்களை வரையும் லூப்பும், எல்லாப் பதிவுகளையும் ஒன்றுவிடாமல் நடந்து கடக்கும் லூப்பும் ஒரே மாதிரியானவை என்று நினைத்துவிடுகிறோம். முதலாவது எண்ணிக்கையை நம்பி ஓடலாம். எங்கே நிற்க வேண்டும் என்பது அதற்கு முன்கூட்டியே தெரியும். இரண்டாவது எண்ணிக்கையை நம்பக் கூடாது. எந்த இடம் வரை வந்திருக்கிறோம் என்பதையும், இன்னும் இருக்கிறதா என்று தரவைத் தரும் எதிர்த்தரப்பு சொல்வதையும் மட்டுமே நம்பி ஓட வேண்டும். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிது.

மொத்தப் பக்கங்களின் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 1460ஐ 25ஆல் வகுத்தால் 58.4 வருகிறது, ஆகவே 59 பக்கங்கள், கடைசிப் பக்கத்தில் 10 பதிவுகள். பலர் வகுத்து வரும் முழு எண்ணோடு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கூட்டுகிறார்கள். 25க்கு அது சரியாக வரும். நாளை பக்கத்துக்கு 20 என்று மாற்றினால் 1460 மீதியில்லாமல் 73ஆக வகுபடும். அப்போது ஒன்றைக் கூட்டினால் 74ஆவது பக்கம் வெறுமையாகத் திறக்கும். மேல்நோக்கி முழுமையாக்கும் சீல் செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள்; அல்லது மொத்தத்தோடு 24ஐக் கூட்டி 25ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிடுங்கள். 1484ஐ 25ஆல் வகுத்தால் 59.36, பின்னத்தை விட்டால் 59.

முகவரியில் வரும் பக்க எண்ணை அப்படியே தரவுத்தளத்திடம் கேட்கும் குவெரிக்குள் அனுப்பக் கூடாது. அதை முதலில் முழு எண்ணாக்கி, 1க்குக் கீழே போனால் 1 என்றும், மொத்தத்துக்கு மேலே போனால் கடைசிப் பக்கம் என்றும் கட்டுப்படுத்துங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தேடலில் ஒரு பதிவும் கிடைக்காதபோது மொத்தப் பக்கம் 0 ஆகும். கட்டுப்படுத்திய எண்ணும் 0 ஆகிவிடும். நடப்புப் பக்கத்தில் ஒன்றைக் கழித்து 25ஆல் பெருக்கும்போது ஆஃப்செட் (தாண்ட வேண்டிய பதிவுகளின் எண்ணிக்கை) −25 ஆகி, மைஎஸ்கியூஎல் பிழை காட்டும். ஆகவே பதிவே இல்லாதபோதும் மொத்தப் பக்கம் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்க எண்களை வரையும் லூப் 1 முதல் 59 வரை ஓட வேண்டியதில்லை. நடப்புப் பக்கத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு எண்கள் போதும். முதலும் கடைசியும் எப்போதும் தெரிய வேண்டும்.

தொடக்கம் = பெரியது(1, நடப்பு − 2)
முடிவு = சிறியது(மொத்தம், நடப்பு + 2)

தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஃபார் லூப் ஓடட்டும். 30ஆவது பக்கத்தில் நிற்பவருக்கு 1 … 28 29 30 31 32 … 59 என்று ஏழே எண்கள் தெரியும். புள்ளிகளை எப்போது போடுவது என்பதில்தான் கவனம் தேவை. தொடக்கம் 2 என்றால் இடைவெளியே இல்லை, புள்ளி வேண்டாம். தொடக்கம் 3 என்றால் விடுபடுவது 2 என்ற ஒரே எண். அந்த இடத்தில் புள்ளி போடுவதைவிட 2ஐயே எழுதிவிடுவது நல்லது. தொடக்கம் 4 அல்லது அதற்கு மேல் என்றால் மட்டும் புள்ளிகள். மறுமுனையிலும் இதே விதிதான்.

பதிவுகளை வரிசையாக அச்சிடும் உள் லூப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒவ்வொரு வரிக்கும் அணையின் பெயரையும் கொள்ளளவையும் தேட லூப்புக்குள் தனிக் குவெரி எழுதாதீர்கள். ஒரு பக்கத்துக்கு 26 குவெரிகள் ஓடும். அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் மூலம் ஒரே குவெரியில் எடுத்துவிடுங்கள்.

இனி, உங்களை அதிகம் வருத்திய சிக்கலுக்கு வருகிறேன். சில பதிவுகள் இருமுறை வருவதும் சில காணாமல் போவதும் லூப்பின் பிழை அன்று, வரிசையின் பிழை. குவெரியில் வரிசையைச் சொல்லும் ஆர்டர் பை பகுதியில் தேதியை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தேதிக்கும் நான்கு பதிவுகள் இருக்கின்றன. அந்த நான்கில் எது முன்னால், எது பின்னால் என்று நீங்கள் சொல்லாதபோது, தரவுத்தளம் தன் வசதிப்படி வரிசைப்படுத்தும். அந்த வரிசை ஒவ்வொரு குவெரிக்கும் ஒன்றாகவே இருக்கும் என்ற உறுதியை மைஎஸ்கியூஎல் தருவதில்லை. பக்கத்துக்கு 25 என்றால், முதல் பக்கத்தில் ஆறு நாள்களின் 24 பதிவுகளும், ஏழாம் நாளின் ஒரே ஒரு பதிவும் அமரும். முதல் பக்கத்துக்கான குவெரி ஏழாம் நாளில் பேச்சிப்பாறையை முன்னால் வைத்தது என்று கொள்ளுங்கள். 25ஆவது வரியில் பேச்சிப்பாறை வந்துவிட்டது. இரண்டாம் பக்கத்துக்கான குவெரி அதே நாளில் பெருஞ்சாணியை முன்னால் வைத்தால், பெருஞ்சாணி 25ஆவது இடத்துக்குப் போய், தாண்டப்பட்ட பதிவுகளுக்குள் மறைந்துவிடும். பேச்சிப்பாறையோ மறுபடியும் வரும். அந்த நாளின் பெருஞ்சாணி நீர்மட்டம் உங்கள் தளத்தில் எந்தப் பக்கத்திலும் இருக்காது. தரவுத்தளத்தில் அது பத்திரமாக இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் படாது.

தீர்வு ஒரே சொல்தான். தேதிக்குப் பின்னால் அணை எண்ணையும் ஆர்டர் பையில் சேருங்கள். இரு பதிவுகள் எக்காலத்திலும் சமமாக முடியாதபடி வரிசை அமைந்திருக்க வேண்டும் என்பது பேஜினேஷனில், அதாவது பக்கம் பிரிப்பதில், விட்டுக்கொடுக்கவே கூடாத விதி. பக்கத்துக்கு 20 என்று வைத்துப் பார்த்தபோது இந்தச் சிக்கல் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 20 என்பது சரியாக ஐந்து நாள்கள். எந்த நாளும் இரண்டு பக்கங்களாக வெட்டுப்படவில்லை. நோய் மறைந்திருந்ததே தவிர, தீரவில்லை.

வரிசையைச் சரிசெய்த பிறகும் ஒரு சிறு நகர்வு மிஞ்சும். புதிய தேதி மேலே வரும்படி அடுக்கியிருப்பதால், ஒருவர் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது அன்றைய நான்கு பதிவுகள் புதிதாகச் சேர்ந்தால், முதல் பக்கத்தின் கடைசி நான்கு பதிவுகள் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளப்படும். அவர் அவற்றை மீண்டும் பார்ப்பார். நாளைக்கு ஒருமுறை மட்டும் பதிவு சேரும் உங்கள் தளத்தில் இது பொருட்படுத்தத் தக்கதன்று. நிமிடத்துக்கு நிமிடம் பதிவு சேரும் தளமாக இருந்தால், எத்தனை பதிவுகளைத் தாண்ட வேண்டும் என்று எண்ணும் ஆஃப்செட்டைக் கைவிட்டு, கடைசியாகக் காட்டிய பதிவின் தேதியையும் அணை எண்ணையும் நினைவில் வைத்து, அதற்கு அடுத்த 25 பதிவுகளைக் கேட்க வேண்டும். புத்தகத்தில் இத்தனை தாள்களைத் தள்ளிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டிராமல், நிறுத்திய இடத்தில் அடையாளக் கயிற்றை வைத்து மூடுவது போன்றது இது. நிபந்தனையை இப்படி எழுதுங்கள்: பதிவின் தேதி கடைசித் தேதியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், அல்லது தேதி அதுவேயாக இருந்து அணை எண் பெரியதாக இருக்க வேண்டும். தேதி இறங்குவரிசையிலும் அணை எண் ஏறுவரிசையிலும் இருப்பதால், இரண்டையும் ஒரே அடைப்புக்குள் இட்டு ஒப்பிடும் குறுக்குவழி இங்கே பொருந்தாது.

ஆஃப்செட் மெதுவானது என்று எங்கோ படித்துவிட்டு அஞ்சியிருக்கிறீர்கள். அது உண்மைதான்: 10,000 பதிவுகளைத் தாண்டி 20 பதிவுகளைக் கேட்டால், தரவுத்தளம் 10,020 பதிவுகளைப் படித்து, முதல் 10,000ஐயும் தூக்கிப்போட வேண்டியிருக்கிறது. ஆனால் 1460 பதிவுகளுக்கு அந்தக் கவலை வேண்டாம். இருபது ஆண்டுத் தரவைச் சேர்த்தாலும் 29,220 அளவில்தான் நிற்கும். மக்கள் பார்க்கும் பக்கத்துக்கு ஆஃப்செட்டே இருக்கட்டும். 30ஆவது பக்கத்துக்கு நேராகத் தாவும் வசதி அதில்தான் கிடைக்கிறது.

மழையளவை இழுக்கும் நிரல் வேறு வகை. அதில் நீங்கள் ஃபார் லூப் எழுதி 40 பக்கங்கள் என்று கையால் குறித்திருக்கிறீர்கள். பின்னர் அது போதாதென்று, 25க்குக் குறைவான பதிவுகள் வந்தால் நிறுத்து என்று மாற்றியிருக்கிறீர்கள். இரண்டும் ஊகங்கள். எப்போது முடிகிறது என்பதை ஏபிஐயே சொல்லும்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். கிட்ஹப், பதிலின் தலைப்பகுதியில் அடுத்த பக்கத்தின் முகவரியைத் தருகிறது; கடைசிப் பக்கத்தில் அது இருக்காது. வேர்ட்பிரஸ், மொத்தப் பக்க எண்ணிக்கையைத் தலைப்பகுதியில் தருகிறது; ஒரே கோரிக்கையில் 100 பதிவுகளுக்கு மேல் தராது; கடைசிப் பக்கத்தைத் தாண்டிக் கேட்டால் வெற்றுப் பட்டியலுக்குப் பதில் 400 என்ற பிழை வரும். விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கி, மேலும் இருக்கும்வரை, எங்கிருந்து தொடர வேண்டும் என்று காட்டும் தொடர்ச்சிக் குறி ஒன்றைத் தருகிறது. அமேசானின் டைனமோடிபி தரவுத்தளம் இன்னும் கவனிக்கத் தக்கது: அது ஒருமுறைக்கு 1 எம்பி தரவைப் படித்து, அதன் பிறகே வடிகட்டுவதால், ஒரு பதிவுகூட இல்லாத பதில் வந்தும் அடுத்த குறி இருக்கக்கூடும். குறைவாக வந்தால் நிறுத்து என்ற விதி அங்கே பாதியில் நிறுத்திவிடும். ஆகவே லூப்பின் வடிவம் இப்படி இருக்கட்டும்.

குறி = வெறுமை
திரும்பத் திரும்பச் செய்:
    பதில் = ஏபிஐயிடம் கேள்(குறி)
    பதிலில் உள்ள பதிவுகளைச் சேமி
    அடுத்தது = பதிலில் உள்ள அடுத்த குறி
    அடுத்தது இல்லையென்றால் நிறுத்து
    அடுத்ததும் குறியும் ஒன்றே என்றால் பிழை கூறி நிறுத்து
    குறி = அடுத்தது

கடைசிக்கு முந்தைய வரியில் உள்ள சோதனைதான் நிற்காமல் ஓடும் லூப்பை நிறுத்தும். எதிர்த்தரப்பின் கோளாறினால் அதே குறி மீண்டும் வந்தால், சோதனை இல்லாத நிரல் விடியும்வரை ஒரே பக்கத்தை இழுத்துக்கொண்டிருக்கும். இதோடு, எவ்வளவு ஓடினாலும் இத்தனை பக்கங்களுக்கு மேல் போகாதே என்ற உச்சவரம்பையும் வையுங்கள். 429 என்ற விடை வந்தால், கேட்பது அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பது ரீட்ரை-ஆஃப்டர் என்ற தலைப்பில் பெரும்பாலும் வரும். அதற்குக் கட்டுப்படுங்கள். பிறருடைய சர்வரை ஓய்வின்றித் தட்டுவது முறையன்று.

ஒவ்வொரு பக்கத்தையும் சேமித்தவுடன் குறியையும் அதே பரிவர்த்தனையில் (இரண்டும் சேர்ந்தே பதிவாகும், இல்லையென்றால் இரண்டுமே பதிவாகாது) எழுதிவிடுங்கள். குலசேகரம் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் மின்சாரம் போவது உங்களுக்குத் தெரியாததன்று. மின்சாரம் வந்ததும் நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும். தேதியும் மழைமானி நிலையமும் சேர்ந்த தனித்துவச் சாவி ஒன்றை அட்டவணைக்குக் கொடுத்து, இருந்தால் புதுப்பி, இல்லையென்றால் சேர் என்று எழுதினால், ஒரே பக்கம் இருமுறை வந்தாலும் பதிவு இரட்டிக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் நிரலில் அது வரப்போகிறது. சரிபார்க்காத பதிவுகளை 25 வீதம் எடுத்து, சரிபார்த்து, குறியிட்டு, ஆஃப்செட்டை 25 கூட்டி அடுத்த தொகுப்பை எடுக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். முதல் 25க்கும் குறியிட்டவுடன் அவை அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடும். அடுத்த 25 முதலிடத்துக்கு ஏறிவிடும். நீங்களோ 25ஐத் தாண்டிப் போவீர்கள். இறுதியில் ஏறக்குறையப் பாதிப் பதிவுகள் தொடப்படாமலே இருக்கும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. கடைசியாகத் தொட்ட பதிவின் எண்ணை வைத்து, அதைவிடப் பெரிய எண்களைக் கேட்டால் இது நேராது.

கடைசியாக என் கருத்து ஒன்று. இந்தத் தரவை 25, 25 என்று வெட்டுவதே தேவையா என்று யோசியுங்கள். ஜூன் மாதம் பாசனத்துக்கு அணை திறக்கும்போது கன்னிப்பூ பருவ நெல் நடவுக்குக் காத்திருக்கும் விவசாயி, போன ஆண்டு இதே ஜூனில் பேச்சிப்பாறை மொத்தமுள்ள 48 அடியில் எவ்வளவு இருந்தது, பெருஞ்சாணி மொத்தமுள்ள 77 அடியில் எவ்வளவு இருந்தது என்றுதான் பார்க்க வருவார். அவருக்கு 37ஆவது பக்கம் என்பது எதையும் உணர்த்தாது. போன ஆண்டு ஜூன் என்பது உணர்த்தும். மாதத்துக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு வரி, அணைக்கு ஒரு நெடுவரிசை என்று அமைத்தால் ஒரு பக்கத்தில் 31 வரிகளுக்கு மேல் வராது. எந்த நாளும் இரண்டாக வெட்டுப்படாது. புதிய பதிவு சேர்ந்தாலும் பழைய தேதி தன் பக்கத்தைவிட்டு நகராது. முகவரியை ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அடுத்த ஆண்டும் அதே மாதமே திறக்கும். அப்போது உங்கள் ஃபார் லூப் எண்களுக்குப் பதிலாக மாதங்களின் மேல் ஓடும். அதை எப்போதும் மாதத்தின் 1ஆம் தேதியிலிருந்தே நகர்த்துங்கள். பிஎச்பியில் ஜனவரி 31உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் மார்ச் மாதத்துக்குப் போய்விடும், பிப்ரவரிக்கான இணைப்பு உங்கள் பட்டியலில் இருக்காது.