40 வயதைத் தொட்ட ஸ்டார்ட்டிங் பிட்சரோடு (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்துவீச்சாளரோடு) பேஸ்பால் அணி மறுபடியும் ஒப்பந்தம் போடலாமா?

போடலாம். ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும். அதுவும் அவரை நம்பி அணியைக் கட்டாமல், அவருக்கு முன்னால் வேறு இரண்டு மூன்று நல்ல பிட்சர்களைச் சேர்த்துவிட்டுப் போட வேண்டும்.

எந்த அணி என்று நீங்கள் சொல்லவில்லை. கேட்கும் விதத்தைப் பார்த்தால், பத்துப் பதினைந்து வருடமாக நீங்கள் பார்த்து வந்த ஒருவரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. போன சீசனின் கடைசியில் தடுமாறியிருப்பார். வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

நான் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்கு வேலைக்கு வந்தது 2006 செப்டம்பரில். பேஸ்பால் பற்றி ஒன்றுமே தெரியாது. அக்டோபர் 27 ராத்திரி ஒரு நண்பர் அறையில் உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்) ஐந்தாவது ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நெடுநெடுவென்று ஒரு பையன் கடைசிப் பந்தை வீச, எதிரணியான டெட்ராய்ட்டின் பிராண்டன் இஞ்ச் மட்டையைச் சுழற்றிக் கோட்டைவிட்டார். பந்தைப் பிடிக்கும் கேட்சர் யாடியர் மொலினா ஓடிவந்து அந்தப் பையனைக் கட்டிக்கொண்டார். அடுத்த நிமிடம் தெரு முழுக்கக் கார் ஹாரன். அந்தப் பையன்தான் எங்கள் ஊர் அணியான கார்டினல்ஸின் ஆடம் வெயின்ரைட். அதற்கு எட்டு நாள் முன்புதான் நியூயார்க்கில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, கார்லோஸ் பெல்ட்ரானை ஒரு கர்வ்பாலில் (வளைந்து இறங்கும் பந்து) அசையவிடாமல் அவுட்டாக்கியிருந்தார். அதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

2011 முழுவதும் முழங்கை அறுவை சிகிச்சையில் போனது. 2015இல் குதிகால் தசைநார் அறுந்தது. இரண்டு முறையும் அவர் முடிந்துவிட்டார் என்றார்கள். 2021இல், 40 வயதைத் தொட்ட அந்த வருடத்தில், 17 வெற்றி, 3.05 ஈ.ஆர்.ஏ. (பழக்கமில்லாதவர்களுக்கு: ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சரின் கணக்கிலும் எழுதப்படும். ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுக்கும் ரன்; ஃபீல்டர்கள் பிழையால் வந்தது சேராது. நாலுக்குக் கீழே இருந்தால் நல்ல பிட்சர்.)

2022இல் 11 வெற்றி, 12 தோல்வி, 3.71. மொத்தத்தில் மோசமில்லை. ஆனால் செப்டம்பரில் அடி வாங்கினார். மொலினாவும் அணியின் இன்னொரு பழைய நட்சத்திரமான ஆல்பர்ட் பூஹோல்ஸும் அந்த வருடத்தோடு விடைபெற்றார்கள். இவரும் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தபோது, கார்டினல்ஸ் இன்னொரு வருடத்துக்கு 1.75 கோடி டாலர் கொடுத்தது. என் மகளுக்கு அப்போது 14 வயது. "அப்பா, இது தப்பு" என்றாள். அவருடைய வேகப்பந்து 90 மைலுக்குக் கீழே இறங்கிவிட்டது, ஸ்ட்ரைக் அவுட் (எதிராளியை அடிக்கவிடாமலே அவுட்டாக்குவது) குறைகிறது, அடுத்த வருடம் இன்னும் மோசமாகும் என்று கணக்கு சொன்னாள். போன வருடமும் இதைத்தானே சொன்னார்கள் என்றேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு வாரம் இதே பேச்சு.

அவள் சொன்னபடிதான் நடந்தது. சீசன் தொடங்கும் முன்பே தொடையிடுக்கில் காயம். மே 6ஆம் தேதிதான் முதல் ஆட்டம். ஜூன் 17 வெற்றியோடு அவருடைய மொத்த வெற்றி 198 ஆனது. இருநூறுக்கு இன்னும் இரண்டுதான். அதற்குப் பிறகு செப்டம்பர் 12 வரை ஒரு வெற்றி கூட இல்லை. நடுவில் வரிசையாகப் பத்துத் தோல்வி.

அந்தத் தோல்விகளில் பாதியை நான் காரில், நாற்பதாம் நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது ரேடியோவில்தான் கேட்டேன்.     

199ஆவது வெற்றி பால்டிமோரில் கிடைத்தது. அடுத்து செப்டம்பர் 18, திங்கள்கிழமை, சொந்த மைதானத்தில் மில்வாக்கி அணியோடு. மறுநாள் மகளுக்குப் பள்ளி. அதற்குள் 15 முடிந்திருந்தது. வரமாட்டாள் என்று நினைத்தேன். ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பிரென்ட்வுட்டில் காரை நிறுத்திவிட்டு மெட்ரோலிங்க் பிடித்துப் போனோம்.

எதிரில் இருந்தது அந்த வருடம் எங்கள் பிரிவில் முதலிடம் பிடித்த அணி. வெயின்ரைட்டின் வேகப்பந்து 86 மைல் சுற்றித்தான். அதை வைத்துக்கொண்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் அந்தக் கர்வ்பால் என்று ஏழு இன்னிங்ஸ் வீசினார். நாலே ஹிட், ரன் இல்லை. நாலாவது இன்னிங்ஸில் வில்சன் கொன்ட்ரெராஸ் அடித்த ஹோம் ரன்தான் ஆட்டத்தின் ஒரே ரன். 1-0. இருநூறாவது வெற்றி. கார்டினல்ஸ் சட்டையில் அதற்கு முன் அந்த எண்ணைத் தொட்டவர்கள் பாப் கிப்சனும் ஜெஸ்ஸி ஹெய்ன்ஸும் மட்டுமே. அதற்கப்புறம் அவர் பந்து வீசவே இல்லை. கணக்கு அதோடு முடிந்தது: 200 வெற்றி, 128 தோல்வி.

திரும்பும் ரயிலில் எனக்குப் பேச்சு வரவில்லை. மகள்தான் சொன்னாள்: "சந்தோஷமா இருக்குப்பா. ஆனா 200 வெற்றி அவருக்கு, தோல்வியெல்லாம் நமக்கு." அந்த வருடம் அணி 71 வெற்றி, 91 தோல்வியோடு கடைசி இடம். 1990க்குப் பிறகு முதல்முறை. வெயின்ரைட்டின் ஈ.ஆர்.ஏ. 7.40.

உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறான், புள்ளிவிவரம் தெரியாதவன் என்று சிலர் கீழே வந்து சொல்வார்கள். 7.40 எவ்வளவு மோசம் என்று எனக்கும் தெரியும். நான் சொல்வது வேறு. அந்தக் குளிர்காலத்தில் நிர்வாகம் மொலினா இடத்துக்குக் கொன்ட்ரெராஸை ஐந்து வருடத்துக்கு எடுத்தது. வெளியிலிருந்து ஒரு ஸ்டார்ட்டரைக் கூட எடுக்கவில்லை. 41 வயதுக்காரரைக் கணக்கில் வைத்து, முறைவைத்து ஆட்டம் தொடங்க ஐந்து பேர் ஆயிற்று என்று நிறுத்திக்கொண்டார்கள். தப்பு அங்கேதான். அவர்களுக்கே அது தெரிந்ததால்தான் அடுத்த நவம்பரில் சன்னி கிரே, லான்ஸ் லின், கைல் கிப்சன் என்று மூன்று ஸ்டார்ட்டர்களை ஒரே மூச்சில் வாங்கினார்கள். மூவருமே 34 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். அடுத்த சீசனில் அணி 83 வெற்றிக்குத் திரும்பியது. ஆக, வயது மட்டும் காரணமில்லை.

இன்னொரு மூத்த பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரைப் பாருங்கள். முழங்கை அறுவை சிகிச்சையால் 2021 முழுக்க ஆடவில்லை. ஹூஸ்டன் அணி விடாமல் மறுபடி கையெழுத்து வாங்கியது. 2022இல், 39 வயதில், 18 வெற்றி, 1.75 ஈ.ஆர்.ஏ., சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, உலகத் தொடர் வெற்றி. லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர்ஸ் அணி, தன் மூத்த பிட்சர் கிளேட்டன் கெர்ஷாவோடு 2022இலிருந்து வருடா வருடம் புதிதாகத்தான் ஒப்பந்தம் போட்டது. தோள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2024இல் உறுதியான தொகை 50 லட்சம் டாலர் மட்டும், மீதி அவர் எத்தனை ஆட்டம் ஆடுகிறார் என்பதைப் பொறுத்து. 2025இல் 11 வெற்றி, 2 தோல்வி.

மகள் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதை நான் லேட்டாகத்தான் ஒத்துக்கொண்டேன். 200க்கு இரண்டு வெற்றி பாக்கி இருக்கும் ஒரு ஜாம்பவானிடம் ஜூலையில் போய், "கொஞ்சம் உட்காருங்கள்" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? 21 ஆட்டம் தொடங்க விட்டார்கள். அந்தப் பேச்சை டிசம்பரிலேயே, கையெழுத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும்: உடம்பு ஒத்துழைக்காவிட்டால் எந்த மாதம், யாரிடம் பந்தைக் கொடுப்பது என்று. அதைக் கேட்டுக்கொள்கிற ஆளாக உங்கள் பிட்சர் இருந்தால், தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள்.