மாம்பழ வாசனை

அன்புள்ள அக்கா,

என் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். போன வாரம் பள்ளிப்பையைத் துவைக்க எடுத்தபோது உள்ளே ஹைலைட்டர் மாதிரி ஒன்று கிடந்தது, மாம்பழ வாசனை. மின்சிகரெட் என்று என் அண்ணன் மகள் பார்த்ததும் சொல்லிவிட்டாள். அவனைக் கேட்டால், "நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லம்மா, இது வெறும் ஆவி" என்கிறான். அவன் அப்பா இரண்டு அறை விட்டார், அன்றிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. வெளியே உதவி கேட்டால் மாட்டிக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு தாய், ஈசூன்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நம் சிங்கப்பூரில் மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம்தான், ஆனால் தானாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று சுகாதார அமைச்சு 2025இல் தெளிவாகவே சொன்னது. மறைத்து வைத்துப் பிடிபட்டால்தான் அபராதம்.

அவன் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை, உண்மையிலேயே அது சிகரெட் இல்லை என்றுதான் நம்புகிறான். அமெரிக்காவில் ஜூல் என்ற மின்சிகரெட்டைப் பிடித்த 15 முதல் 24 வயதுக்காரர்களிடம் கேட்டபோது 63 விழுக்காட்டினருக்கு அதில் எப்போதும் நிகோட்டின் உண்டு என்பதே தெரிந்திருக்கவில்லை. முதல் சிகரெட்டை இழுத்த யாரைக் கேட்டாலும் இருமலைத்தான் சொல்வார்கள், உடம்பு வேண்டாம் என்று தள்ளுகிற இருமல் அது. ஜூல்காரர்கள் நிகோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கித் தொண்டையின் அந்த எரிச்சலைக் குறைத்தார்கள், பழவாசனையும் சேர்ந்தது, அப்புறம் பிள்ளைகளைத் தடுக்க என்ன இருக்கிறது? சிகரெட்டாவது ஒன்று எரிந்து முடியும். இது முடியாது, கழிப்பறையில் இரண்டு இழுப்பு, பேருந்து நிறுத்தத்தில் இரண்டு என்று நாள் முழுக்கப் போகும், எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கு அவனுக்கே இருக்காது. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, இதை விற்கிறவர்கள்மேல்தான் வருகிறது.

அதனால் "சிகரெட் பிடிக்கிறியா" என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் கை அதைத் தேடுகிறது என்று கேளுங்கள், சண்டைக்கு இழுக்காமல், சாப்பாடு போடும்போது. எழுந்ததுமே என்றால் நிகோட்டின் நன்றாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். விடும்போது முதல் சில நாள் எரிந்து விழுவான், தூக்கம் கெடும், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவன் அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

எங்கே வாங்கினான் என்பதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். 2025இல் இங்கே பறிமுதல் செய்த மின்சிகரெட்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டதைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்தது, மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கப் பயன்படுத்தும் மருந்து. கேபாட் என்கிறார்களே, அது இந்த மருந்து கலந்த மின்சிகரெட்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அந்த மருந்தைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். வாசனையை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. என்றைக்காவது அவன் தள்ளாடினாலோ, கைகால் வெட்டி இழுத்தாலோ, கூப்பிட்டும் எழாமல் கிடந்தாலோ, யாருக்காகவும் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள்.

அண்ணன் மகளிடமும் உட்கார்ந்து பேசுங்கள். பார்த்ததுமே சொன்னாள் என்றால் அவளுக்கு இதெல்லாம் பழக்கமான பொருள். உங்களிடம் சொல்லாததை அவன் அவளிடம் சொல்லியிருக்கலாம், அவளும் யாரிடமாவது சொல்லக் காத்திருக்கலாம். பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா