மோப்ப நாய் எங்கள் திண்ணையில் வந்து படுத்துக்கொண்டது!

சட்டக் கேள்விகளுக்கு மூத்த பெண் வழக்கறிஞரின் பதில்கள்

வணக்கம் அம்மா. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நகை திருட்டுப் போனது. போலீஸ் மோப்ப நாய் அங்கிருந்து ஓடிவந்து எங்கள் திண்ணையில் படுத்துக்கொண்டது. அன்று மாலை என் கணவரை விசாரணைக்கு அழைத்துப்போய் இரவில் விட்டார்கள். அவர் பிளம்பர். திருட்டு நடந்த வீட்டில் முந்தின வாரம்தான் குழாய் வேலை செய்தார். இப்போது தெருவே 'நாய் காட்டிக் கொடுத்துவிட்டது' என்கிறது. வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. நாயை வைத்தே தண்டனை கொடுத்துவிடுவார்களா?
– பெயர் வேண்டாம், சங்கரன்கோவில்

மாட்டார்கள் அம்மா. நாய் வந்து படுத்ததை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டித்தால் அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்காது.

நாளிதழ் படித்து வளர்ந்த நமக்கெல்லாம் ஒரு வரி மனப்பாடம்: 'மோப்ப நாய் சிறிது தூரம் ஓடிச்சென்று நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' அதைப் படித்துப் படித்தே, நாய் நிற்கும் இடத்தில்தான் திருடன் இருப்பான் என்ற எண்ணம் ஊருக்குள் ஊறிப்போயிருக்கிறது. உச்ச நீதிமன்றத்துக்கு அந்த நம்பிக்கை இல்லை.

தண்டவாளத்தைச் சேதப்படுத்தி ரயிலைக் கவிழ்த்ததாக மகாராஷ்டிராவில் ஒரு வழக்கு. அப்துல் ரசாக் முர்தசா டபேதார் வழக்கு என்று 1970-ஆம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. நாய்ச் சாட்சியத்துக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று ஆட்சேபங்களை நீதிமன்றம் அதில் எடுத்து வைத்தது. நாய் கூண்டேறிச் சத்தியப் பிரமாணம் செய்யாது, குறுக்கு விசாரணைக்கும் உட்படாது. அதைக் கூட்டிவந்த காவலர் 'என் நாய் இவரைக் காட்டியது' என்று சொன்னால், அது இன்னொருவர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் சாட்சியம்தான். மனிதனின் உயிரும் சுதந்திரமும் ஒரு நாயின் ஊகத்தில் தொங்கக் கூடாது என்பது அடுத்தது. மூன்றாவது, இந்தச் சாட்சியத்தின் உண்மையான மதிப்பு கொஞ்சம்தான். கேட்பவர் மனத்தில் அது உண்டாக்கும் பரபரப்போ மிக அதிகம். உங்கள் தெருவில் நடப்பது இந்த மூன்றாவதுதான். இப்படிப்பட்ட சாட்சியத்தை ஏற்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும் அதற்குப் பெரிய எடை கிடையாது என்று நீதிமன்றம் முடித்தது.

1993-இல் சுரிந்தர் பால் ஜெயின் வழக்கு. மனைவியைக் கொன்றதாகக் கணவர் மீது குற்றச்சாட்டு. போலீஸ் நாய்கள் அவரையே சுட்டிக்காட்டின. உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதே வீட்டில் குடியிருப்பவரை நாய் காட்டியதில் என்ன அதிசயம்? திருட்டு நடந்த வீட்டில் உட்கார்ந்து குழாய் பூட்டிய உங்கள் கணவரின் வாடை அங்கே இருந்திருந்தால் அதிலும் அதிசயம் இல்லை.

2001-இல் ஆந்திராவிலிருந்து வந்த காடே லட்சுமி மங்கராஜு வழக்கில், நாயும் தவறலாம், நாயைப் பிடித்திருப்பவரும் தவறலாம், நாயின் நடத்தைக்குத் தப்பான அர்த்தமும் கொடுத்துவிடலாம் என்றார்கள். புலன்விசாரணையில் நாயின் உதவியோடு முயன்று பார்க்கலாம், நீதி வழங்கும் வேலையில் அப்படி முயன்று பார்க்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாய் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே தோண்டினால் நகை கிடைக்கிறது என்றால் கதை வேறு. அப்போது பேசுவது நகை, நாய் அல்ல. உங்கள் வீட்டில் எதுவும் கிடைக்கவில்லை என்பதால்தான் இரவே விட்டிருக்கிறார்கள்.

இனி செய்ய வேண்டியது. குழாய் வேலை செய்த தேதி, எந்த அறையில் வேலை, கூலி வந்ததற்கான குறுஞ்செய்தி எல்லாவற்றையும் எழுதி, காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். பின்னால் யோசித்துச் சொன்ன சமாதானம் என்று யாரும் சொல்ல முடியாது. மறுபடி கூப்பிட்டால் எழுத்து மூலமான அழைப்பாணை கேளுங்கள்; ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது தேவைப்படாதபோது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். வழக்கு நீதிமன்றம் போனால் உங்கள் வழக்கறிஞர் நாயைக் கூட்டிவந்த காவலரிடம் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. எந்தப் பொருளை மோப்பம் பிடிக்கக் கொடுத்தார்கள்? அதற்கு முன் அதை எத்தனை பேர் தொட்டார்கள்? திருட்டு நடந்து எவ்வளவு நேரம் கழித்து நாய் வந்தது? அதுவரை ஊரே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்ததா? (கட்டாயம் போயிருக்கும்.) பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பில்) இதெல்லாம் எழுதியிருக்கிறதா?

'திருடன்' என்று வெளிப்படையாகச் சொல்பவர்களுக்கு அவதூறு நோட்டீஸ் அனுப்ப வழி உண்டு. ஆனால் உடனே வேண்டாம். குழாய் வேலை கொடுத்த வீட்டுக்காரரே உங்கள் கணவருக்காக நாலு பேரிடம் பேசினால், நோட்டீஸைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

வாரன்ட் இல்லாமல் மோப்ப நாயோடு வீட்டுக்குள் நுழையலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

நாய்க்கென்று தனி அனுமதி கிடையாது. அதிகாரி நுழையலாம் என்றால் நாயும் நுழையலாம். வாரன்ட் வாங்கக் காலதாமதம் ஆகும் என்றால், காரணத்தை எழுதிவைத்துவிட்டு அதிகாரி சோதனையிட நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆம் பிரிவு இடம் தருகிறது. 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவு எங்கே என்று கேட்க மறக்காதீர்கள்.

என் மகன் டெக்சாஸில் இருக்கிறான். சாலையில் காரை நிறுத்தி எச்சரிக்கைச் சீட்டு கொடுத்த பிறகும், 'நாய் வரும், காத்திரு' என்று நிறுத்திவைத்தார்களாம். அங்கே அது சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

ஐயா, இதே மாதிரி ஒரு வழக்கு 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் ரோட்ரிகஸ் என்பவரின் வண்டி சாலை ஓரத்துக்கு ஒதுங்கியதற்காக நிறுத்தினார்கள். எச்சரிக்கைச் சீட்டு கொடுத்து முடித்த பிறகும் போகவிடாமல் வைத்திருந்து நாயைச் சுற்றவிட்டார்கள். சீட்டு கொடுத்ததற்கும் நாய் குறிப்புக் காட்டியதற்கும் இடையே ஏழு எட்டு நிமிடம். வேறு நியாயமான சந்தேகம் இல்லாமல் அந்த நேரத்தை நீட்டக் கூடாது என்பது தீர்ப்பு. போக்குவரத்து வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, நேரத்தை நீட்டாமல் நாய் சுற்றிப்போனால் தடையில்லை. அது 2005-ஆம் ஆண்டு கபாயஸ் வழக்கில் வந்த நிலைப்பாடு. ரோட்ரிகஸுக்கு மட்டும் பலன் கிடைக்கவில்லை. அதிகாரி அன்றைக்கு இருந்த சட்டத்தை நம்பி நடந்தார் என்று கீழ் நீதிமன்றம் அவர் தண்டனையை அப்படியே விட்டுவிட்டது.

வீட்டு வாசல் விஷயத்தில் அவர்கள் இன்னும் கண்டிப்பு. மியாமியில் ஃப்ராங்கி என்ற நாயை வாரன்ட் இல்லாமல் ஒருவர் வீட்டு முகப்புக்குக் கூட்டிப்போய் மோப்பம் பிடிக்கவிட்டார்கள். உள்ளே கஞ்சாச் செடிகள் இருந்தது உண்மைதான். ஆனாலும் அது சட்டவிரோதச் சோதனை என்று 2013-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. வாசலுக்கு வந்து கதவைத் தட்டலாம், பதில் இல்லாவிட்டால் திரும்பலாம். நாயோடு நின்று துப்புத் துலக்க யாரும் அழைக்கவில்லை என்றார்கள். மகனிடம் சொல்லுங்கள்: 'நான் போகலாமா?' என்று பணிவாகக் கேட்கட்டும், சோதனைக்குச் சம்மதமில்லை என்று வாயால் சொல்லட்டும், கையால் எதையும் தடுக்க வேண்டாம். மற்றதை அங்கே உள்ள வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

ஆளைப் பிடிக்க நாயை ஏவிக் கடிக்க விடலாமா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

கைதை எதிர்த்தாலோ தப்பி ஓட முயன்றாலோ, தேவையான வழிகளை எல்லாம் பயன்படுத்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 'தேவையான' என்பதில்தான் வழக்கே இருக்கிறது. பிடிபட்ட பிறகு, தப்பாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது 46-ஆம் பிரிவு. ஆக, கையைத் தூக்கி நின்றவனைக் கடிக்க விட்டால் அது காயம் விளைவித்த குற்றம். உயர் நீதிமன்றத்தில் இழப்பீடும் கேட்கலாம். 1963-இல் அலபாமாவின் பர்மிங்காமில் கறுப்பினப் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் நாய்களை ஏவிய படங்களைத் தேடிப் பாருங்கள். உலகமே அவற்றைப் பார்த்து முகம் சுளித்தது.

மிளகாய்ப் பொடி தூவிவிட்டால் நாயால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாதாமே?
– ஒரு வாசகர், ஊர் பெயர் எழுதவில்லை

நாய் குழம்பலாம், வழக்கு குழம்பாது. தடயத்தை மறைப்பது பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டம்) 238-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். தூவியவர் சட்டையிலும் நகக்கண்ணிலும் அந்தப் பொடி இருக்கும், வாங்கிய கடைக்காரருக்கு முகம் நினைவிருக்கும். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.