1,500 யூரோவில் வாடகை வீட்டை அலங்கரிக்க முடியுமா?

கேள்வி: ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் 2 ஆண்டு ஒப்பந்த வேலை. 36 சதுர மீட்டர் வீடு. ஹீட்டர், தண்ணீர் சேர்க்காத வாடகை 620 யூரோ. டெபாசிட் 3 மாத வாடகை. சமையலறை மேடை, அலமாரிகள் எல்லாம் காலி செய்பவருடையவை. 1,200 யூரோ கேட்கிறார். டெபாசிட் பணம் போகக் கையில் இருப்பது 1,500. ஒரு சுவருக்கு அடர்நீலம் அடிக்கவும் ஆசை. எப்படிச் செலவிடுவது?

பதில்: முதலில் டெபாசிட். மொத்தம் 1,860 யூரோவையும் சாவி வாங்கும்போதே கொடுக்க வேண்டியதில்லை. 3 சம மாதத் தவணைகளாகக் கட்ட சட்டமே உரிமை தருகிறது. முதல் மாதம் 620 போதும். மிச்சம் 1,240ஐத் தனியாக வையுங்கள். அதில் சோபா வாங்கிவிட்டால் மூன்றாம் மாதம் திண்டாட்டம்தான்.

கிச்சன் செட் 1,200 என்றால், திரும்ப விற்க முடியாமல் போனால் மாதம் 50 யூரோ செலவு. மேடைப் பலகை அந்தச் சுவருக்கென்றே வெட்டியது, வேறு வீட்டில் பொருந்தாது. கழற்றி எடுத்துப்போவதும் அவருக்குச் செலவு. அதனால் பேரம் பேச இடமுண்டு, 700-இல் தொடங்குங்கள். அடுப்பு, பிரிட்ஜ் எத்தனை ஆண்டு பழையவை என்று பார்த்து, பொருள் பட்டியலோடு எழுதி வாங்குங்கள். நீங்கள் காலி செய்யும்போது அடுத்தவர் வாங்காவிட்டால், கழற்றும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

விலை படியவில்லையா? சாதாரண பிளக்கில் ஓடும் இரட்டை இண்டக்‌ஷன் அடுப்பு, பழைய பிரிட்ஜ், சின்ன சிங்க் போதும். 400 வோல்ட் அடுப்பை எலக்ட்ரீஷியன்தான் இணைக்க வேண்டும். அந்தக் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

மெத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள். கட்டில், மேசை, விளக்கு பழையதே போதும். கூரையில் வெறும் ஒயர்தான் தொங்கும் என்பதால், முதல் நாளுக்கு ஒரு நிற்கும் விளக்கு அவசியம்.

சுவரில் மரத்தூள் கலந்த சொரசொரப்பான காகிதம் ஒட்டியிருந்தால் ஒட்டுக் கொக்கி வேண்டாம், காகிதத்தோடு பிய்ந்துவரும். அளவோடு துளை போடலாம். குளியலறையில் டைலில் போடாமல் இணைப்புக் கோட்டில் போடுங்கள்.

நீலம்? அடர்நிறச் சுவரோடு வீட்டை ஒப்படைத்தால் நஷ்டஈடு தர வேண்டிவரும் என்று 2013-இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. மறுபடி வெள்ளையாக்க இரண்டு மூன்று கோட்டிங் பிடிக்கும். அதற்குப் பதில் ஒரு கம்பியில் ஐந்தரை மீட்டர் நீலப் புடவையைத் தொங்கவிடுங்கள். கம்பிக்கு மூன்று துளை. காலி செய்யும்போது அடைக்க ஒரு டியூப் பட்டி.