அக்காவிடம் கேளுங்கள்: 142 மைலா, 103 மைலா?

கேள்வி: வணக்கம் அக்கா. நியூ ஜெர்ஸியில் இருக்கிறேன், வயது 41. 2023 ஆகஸ்டில் கொலராடோவின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் நடக்கும் எஸ்பிடி கிராவல் என்ற கப்பி (சரளைக்கல்) ரோடு சைக்கிள் போட்டிக்கு நண்பர்கள் நாலு பேர் போகிறோம். கறுப்பு, நீலம், சிவப்பு, பச்சை என்று நான்கு பாதைகள். தூரம் சுமார் 142, 103, 64, 37 மைல். மற்ற மூவரும் கறுப்புக்குப் பெயர் கொடுக்கிறார்கள். நான் இதுவரை அதிகபட்சம் ஓட்டியது 70 மைல். அதுவும் தார் ரோட்டில், ஐந்து மணி நேரத்தில். கறுப்பையே எடுத்துவிடலாமா?

பதில்: தம்பி, கறுப்பு இந்த முறை வேண்டாம். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் மைல் கணக்கை விட்டுவிட்டு மணிக் கணக்குக்கு வாருங்கள். தார் ரோட்டில் உங்கள் வேகம் மணிக்கு 14 மைல். அதே கால், அதே மூச்சு கப்பி ரோட்டில் ஏறி இறங்கினால் 11, 12 மைல்தான் வரும். அப்படியானால் சிவப்பு ஐந்தரை மணி நேரம், நீலம் எட்டரை முதல் ஒன்பது, கறுப்பு பன்னிரண்டுக்கும் மேல். தண்ணீர் பிடிக்க, சாப்பிட, டயர் பஞ்சரானால் சரிசெய்ய நிற்கும் நேரம் இதில் சேரவில்லை. உங்கள் உடம்புக்குத் தெரிந்ததோ ஐந்து மணி நேரம்தான். ஐந்திலிருந்து ஒன்பதுக்குப் போகலாம். அதற்கு வழி இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு ஒரே தாவாகத் தாவுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஏற்றத்தையும் பாருங்கள். கறுப்பில் மொத்த ஏற்றம் சுமார் 9,000 அடி, நீலத்தில் சுமார் 6,000. மைலுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட 60 அடிதான். அதாவது கறுப்பின் மலை நீலத்தின் மலையைவிடச் செங்குத்து என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆளைச் சாய்ப்பது அந்தக் கடைசி 40 மைல். கறுப்புப் பாதையில் கௌ கிரீக் ஏற்றம் முடிவுக்குப் பக்கத்தில் வருகிறது. காலையில் அதே ஏற்றத்தைப் பேசிக்கொண்டே ஏறிவிடுவீர்கள். பத்து மணி நேரம் மிதித்த பிறகு அது வேறு மலை.

அப்புறம் காற்று. ஸ்டீம்போட் ஊரே கடல் மட்டத்திலிருந்து 6,700 அடி உயரத்தில் இருக்கிறது, பாதை அதற்கும் மேலே ஏறுகிறது. அங்கே காற்றழுத்தம் உங்கள் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உடம்பு அதற்குப் பழக இரண்டு வாரமாவது வேண்டும், அவ்வளவு லீவு யாருக்குக் கிடைக்கும்? இரண்டு நாள் முன்னால் வந்து இறங்குபவர் முதல் மணி நேரத்தில் கூட்டத்தின் வேகத்துக்குத் தொற்றிக்கொண்டால், அந்தக் கடனை மதியம் வரை அடைக்க முடியாது. ஏற்றத்தில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம், அவ்வளவுதான் உங்களுக்கு. மதியத்துக்கு மேல் ராக்கி மலைகளில் இடி மின்னல் சகஜம். நீளமான பாதை எடுத்தவர்கள்தான் அந்த நேரத்தில் வெட்டவெளியில் இருப்பார்கள்.

இதையெல்லாம் வரைபடத்தில் பார்த்துவிடலாம். பார்க்க முடியாத ஒன்று ரோட்டில் வரிவரியாக விழும் மேடுபள்ளம். வண்டிகள் ஓடி ஓடி, வளைவிலும் ஏற்றத்திலும் மண் அலை அலையாக வரிவிழுந்து கிடக்கும். அதன் மேல் போகும்போது முன்சக்கரம் நடுங்கி, அந்த நடுக்கம் உள்ளங்கை வழியாகத் தோள்வரை ஏறும். நாலு மணி நேரம் இப்படிப் போனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சொன்னபடி கேட்காது. நான் நீலம் ஓட்டியபோது பக்கத்தில் நின்ற ஒருவர் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அதனால் எல்லாப் பாக்கெட்டின் ஓரத்தையும் முந்தின நாள் இரவே கத்தரித்து வையுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். பிரிக்கச் சிரமமாக இருக்கிறதே என்று விட்டவர்கள்தான் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பொடி தடவிய இட்லியும் நன்றாக வேலை செய்யும், முதல் மூன்று மணி நேரத்துக்குள் தின்றுவிட்டால்.

சரி, நீலமா சிவப்பா? ஜூன் முடிவதற்குள் மண் ரோட்டில் ஏழு மணி நேரம் இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். உங்கள் மாநிலத்தின் ஹண்டர்டன் கவுண்டியில் ஏற்றத்தோடு மண் ரோடுகள் இருக்கின்றன. அங்குள்ள கொலம்பியா டிரெயில் பாதையும் கப்பிதான், ஆனால் சமதளம். பரீட்சைக்கு அது போதாது. இரண்டாவது தடவை முடித்து வீட்டுக்கு வந்து, மறுநாள் படியேறி இறங்க முடிகிறதா? நீலம் உங்களுடையது. இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்தீர்களா? சிவப்பை எடுங்கள். 64 மைல் மலைக் கப்பி ரோடு முழுமையான ஒரு நாள் வேலை.

நண்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றாக ஓட்டலாம் என்ற ஆசை புரிகிறது. ஆனால் முதல் பெரிய ஏற்றத்திலேயே நாலு பேரும் நாலு இடத்தில் இருப்பீர்கள். கறுப்பு எடுத்தாலும் நீங்கள் பெரும்பாலும் தனியாகத்தான் மிதிக்கப் போகிறீர்கள். அவர்கள் கேலி செய்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: அக்கா, டாலஸிலிருந்து எழுதுகிறேன். அதே போட்டிக்கு என் கணவர் நீலம் போகிறார். நான் பச்சை எடுக்கலாம் என்று இருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய மவுண்டன் பைக். அதை வைத்துக்கொண்டு போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம்மா. 37 மைலுக்குப் புது சைக்கிள் வாங்கச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். அகலமான டயர் வரிவிழுந்த ரோட்டில் உங்கள் கையைக் காப்பாற்றும். முன் சஸ்பென்ஷனுக்கு (குலுக்கலைத் தாங்கும் முன்பக்க ஸ்பிரிங்) பூட்டு இருந்தால் ஏற்றத்தில் பூட்டி, இறக்கத்தில் திறந்துவிடுங்கள். டயரில் காற்றைக் கல் மாதிரி ஏற்றாதீர்கள். கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். பிரேக் கட்டைகளைப் புறப்படும் முன் மாற்றிவிடுங்கள், டாலஸ் சமதளத்தில் அவை தேய்ந்தது தெரிந்திருக்காது.