இரண்டு கிரீன்வுட், ஒரு மகள்

அன்புள்ள ஐயா,

நான் தேனிக்காரன். நான்கு வருடமாக வடக்கு இங்கிலாந்தில் டாட்மார்டன் என்ற பழைய பஞ்சாலை ஊரில் குடியிருக்கிறேன், நர்ஸ் வேலை. நீங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் சில காலம் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வயது 91. தன் அம்மாச்சியின் அப்பா யார் என்று இருபது வருடமாகத் தேடுகிறார். கண் மங்கிவிட்டதால் இப்போது நான்தான் கம்ப்யூட்டரில் பார்த்துப் படித்துக் காட்டுகிறேன். இணையத்தில் இரண்டு வம்சாவளி மரங்கள் இருக்கின்றன. ஒன்று சொல்லும் அப்பாவை மற்றது சொல்வதில்லை.

1881 சென்சஸில் அம்மாச்சிக்கு 3 வயது, யார்க்ஷயர் பக்கத்து மேட்டில் ஒரு பண்ணை வீடு. வீட்டுத் தலைவர் 55, மனைவி 52, பிள்ளைகள் 22, 19, 16, கடைசியாக 3. மூத்த மகள் தறி நெசவாளி. முதல் மரம் இந்த வீட்டுத் தலைவரையே அப்பா என்கிறது. 1900இல் நடந்த கல்யாணத்தின் சான்றிதழிலும் அப்பா பெயர் அதேதான். ஆனால் தொழில் 'தறி மேஸ்திரி, காலமானவர்' என்று இருக்கிறது. இவரோ சிறு விவசாயி. அதனால் இரண்டாவது மரம், லங்காஷயர் பக்கம் வால்ஸ்டனில் அதே பெயருள்ள ஒரு மேஸ்திரியைக் காட்டுகிறது. அவருக்கும் அதே பெயரில் 3 வயது மகள் இருக்கிறாள். எல்லோருமே கிரீன்வுட். எது சரி? நகல்களை இணைத்திருக்கிறேன்.

நம்மில் பலருக்குக் கொள்ளுத் தாத்தா பெயரே தெரியாது. இந்த வயதில் இவருக்கு ஏன் இவ்வளவு தவிப்பு என்பதும் எனக்குப் புரியவில்லை.

க.
டாட்மார்டன்

அன்புள்ள க.,

நீங்கள் அனுப்பிய நகல்களை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மரமும் தவறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன், ஆனால் முதலில் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டாட்மார்டன் நகர மன்றக் கட்டடத்தைத் தினமும் பார்த்திருப்பீர்கள். 1875இல் திறந்த அந்தக் கட்டடம் வால்ஸ்டன் ஓடையின் மேலேயே நிற்கிறது. அன்று அந்த ஓடைதான் லங்காஷயர், யார்க்ஷயர் என்ற இரண்டு கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் மாதிரி) எல்லை. ஒரே கூடத்தில் ஆடிக்கொண்டே ஒரு கவுண்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரலாம் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். முகப்பின் முக்கோணச் சிற்பத்தில் லங்காஷயருக்கு ஒரு பெண், யார்க்ஷயருக்கு ஒரு பெண். 1888 சட்டத்துக்குப் பிறகுதான் முழு ஊரும் யார்க்ஷயர் பக்கம் போனது. இன்றும் உங்கள் அஞ்சல் குறியீடு மட்டும் பழைய லங்காஷயர் ஊரான ஓல்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய பதிவேடுகளைத் தேடுகிறவர்களுக்கு இந்த எல்லை பெரிய தொல்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் ராச்டேல் பங்கு (ஒரு சர்ச்சின் நிர்வாக எல்லை), அந்தப் பக்கம் ஹாலிஃபாக்ஸ் பங்கு. 1858க்கு முந்தைய உயில்கள் ஒரு பக்கத்தாருக்கு யார்க் திருச்சபை நீதிமன்றத்தில், மறுபக்கத்தாருக்குச் செஸ்டரில். அண்ணனும் தம்பியும் கூப்பிடு தூரத்தில் குடியிருந்திருப்பார்கள், அவர்களின் காகிதங்கள் இரண்டு வெவ்வேறு ஊர்களில் கிடக்கும்.

நானே இதில் விழுந்திருக்கிறேன். அங்கே இருந்தபோது ஒரு முதியவருக்கு அவருடைய முன்னோர்களைத் தேடிக் கொடுத்தேன். 1841 சென்சஸில் பிறந்த ஊரை எழுதவில்லை, 'இதே கவுண்டியில் பிறந்தவரா' என்று மட்டும் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று ஓர் எழுத்தைப் போட்டார்கள். அவருடைய முன்னோருக்கு 'இல்லை' என்றிருந்தது. வெளியூர்க்காரர் என்று முடிவு கட்டி, செஷயர், டெர்பிஷயர் பதிவேடுகளில் அந்த மனிதரை ஐந்து மாதம் தேடவைத்தேன். கடைசியில் பார்த்தால் ஓடைக்கு அந்தப் பக்கம், பத்து நிமிட நடையில் பிறந்தவர். அந்தக் கணக்கில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 38 வயதுக்காரர் அதில் 35. அதுவும் எனக்கு அப்போது தெரியாது. அந்த முதியவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அடுத்தது பெயர். கிரீன்வுட், சட்க்ளிஃப், கிராப்ட்ரீ, ஸ்டான்ஸ்ஃபீல்ட், ஃபீல்டன் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய குடும்பப் பெயர்கள்தான் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க. முன்பெயரும் ஜான், வில்லியம், ஜேம்ஸ், மேரி, சாரா என்று கொஞ்சமே. அதனால் ஊருக்குள் குடும்பப் பெயர் உதவவே இல்லை. 'டாமின் மகன் பில்லின் மகன் ஜாக்' என்று தகப்பன், பாட்டன் பெயரைக் கோத்துத்தான் கூப்பிட்டார்கள். நாம் இனிஷியல் போடுவதும் கிட்டத்தட்ட அதேதான். அரசாங்கக் காகிதத்தில் மட்டும் எல்லோரும் கிரீன்வுட். இணைய மரம் போடுகிறவர்கள் பெயரைத் தேடிப் பிடித்து ஒட்டிவிடுகிறார்கள். இந்த ஊரில் பெயரை நம்பக் கூடாது, வீட்டைப் படிக்க வேண்டும். யார் யாரோடு இருந்தார்கள், பக்கத்து வீட்டில் யார், எத்தனை வயது, என்ன வேலை.

சரி, நீங்கள் அனுப்பிய 1881 சென்சஸ் பக்கத்துக்கு வருவோம். மனைவிக்கு 52, கடைசிக் குழந்தைக்கு 3. அப்படியென்றால் 49 வயதில் பெற்றிருக்க வேண்டும். நடக்காததல்ல. ஆனால் 22, 19, 16 என்று மூன்று மூன்று வருட இடைவெளியில் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் திடீரென்று 13 வருடம் நின்று, பிறகு ஒன்று? அந்த 22 வயது மூத்த மகளைப் பாருங்கள். கல்யாணமாகவில்லை, மில்லில் தறி ஓட்டுகிறாள். குழந்தை பிறந்தபோது அவளுக்கு 19. அம்மாச்சியின் தாய் அவளாகத்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன். பெண் பெற்ற பிள்ளையைத் தாத்தாவும் பாட்டியும் தங்கள் மகளாக வளர்ப்பதும், கணக்கெடுக்க வந்தவரிடம் 'மகள்' என்றே சொல்வதும் அந்த ஊர்களில் சகஜம்.

இதைச் சரிபார்க்கச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் பிறப்பு இறப்புகளை அரசாங்கமே பதிகிறது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் ஒவ்வொரு குழந்தைக்கும் நேரே தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். தாய் மணமாகாதவர் என்றால் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும். டாட்மார்டன் பதிவு மாவட்டம் ஓடையின் இரு பக்கத்தையும் சேர்த்தே இருந்ததால் நீங்கள் ஒரே இடத்தில் தேடினால் போதும். 1877, 1878 இரண்டு வருடங்களையும் பாருங்கள். அந்தப் பெயரில் இரண்டு குழந்தைகள் கிடைத்து, ஒன்றுக்கு நேரே கோடு இருந்தால், சான்றிதழை வரவழையுங்கள். அப்பா என்ற கட்டம் வெற்றாக இருக்கும். பதிவு செய்தவர் யார் என்ற கட்டத்தையும் பாருங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் பெருக்கல் குறி போல ஒன்றை இட்டிருப்பார், பக்கத்தில் 'இன்னாருடைய அடையாளம்' என்று பதிவாளர் எழுதியிருப்பார்.

இரண்டாவது மரத்து மேஸ்திரியின் மகளையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அவள் என்ன ஆனாள் என்று கடைசிவரை பின்தொடருங்கள். 1901 மார்ச் 31 சென்சஸில் அவள் வால்ஸ்டனில் கன்னிப்பெண்ணாக அப்பா வீட்டிலேயே இருந்தால், 1900இல் கல்யாணமானவள் அவளாக இருக்க முடியாது. அதற்கு முன்பே இறந்திருந்தால் இறப்பு அட்டவணையில் கிடைப்பாள். மரம் போடுகிறவர்கள் பலர் செய்யத் தவறுவது இதைத்தான். தனக்கு வேண்டிய ஆளை எடுத்துக்கொண்டு, வேண்டாத ஆள் எங்கே போனாள் என்று பார்ப்பதே இல்லை.

அப்புறம் அந்தத் 'தறி மேஸ்திரி' எங்கிருந்து வந்தார்? கல்யாணப் பதிவேட்டில் மணப்பெண் வாயால் சொன்னதைத்தான் எழுதுவார்கள், யாரும் விசாரிப்பதில்லை. 2021 மே மாதம் வரை அந்தச் சான்றிதழில் தாயின் பெயருக்கு இடமே கிடையாது, அப்பா பெயர் மட்டும்தான். அப்பா இல்லாத பெண், பங்குக் குருவின் முன்னால் நின்றுகொண்டு என்ன சொல்வாள்? பெரும்பாலும் தாத்தா பெயரைச் சொல்வாள். இங்கே பெயர் தாத்தாவுடையது. தொழில் மட்டும் பெற்றவனுடையதோ என்பது என் ஊகம். தறிக்கொட்டகையில் மேஸ்திரிதான் தறியைச் சரிசெய்து கொடுப்பவன், நெசவாளிப் பெண்ணின் அன்றாடக் கூலி அவன் கையில் இருந்தது. 1891இல் அங்கிருந்து அதிக தூரமில்லாத நெல்சன் ஊரில் பெண்களிடம் ஒரு மேஸ்திரி நடந்துகொண்ட விதத்துக்காக நெசவாளிகள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அந்த அம்மாச்சி விஷயத்தில் அப்படித்தான் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, காதலாகவும் இருந்திருக்கலாம். தாய் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்க் குழந்தைக்குச் செலவுப் பணம் கேட்டிருந்தால், அந்த வாரத்து டாட்மார்டன் அட்வர்டைசர் பத்திரிகையில் இரண்டு வரி வந்திருக்கலாம். பிறந்த தேதியிலிருந்து ஒரு வருடம் புரட்டிப் பாருங்கள்.

91 வயதில் ஏன் இந்தத் தவிப்பு என்று கேட்டிருந்தீர்கள். நமக்குக் கொள்ளுத் தாத்தா பெயர் தெரியாவிட்டாலும் குலதெய்வம் தெரியும், பங்காளி யார் என்று தெரியும், எந்த ஊர் மண் என்று தெரியும். மேட்டிலிருந்து மில்லுக்கு இறங்கி வந்த குடும்பங்களுக்கு அதெல்லாம் இல்லை. வாடகை வீடு மாறி மாறிப் போனவர்கள். எட்டு வயதிலேயே பாதி நாள் மில், பாதி நாள் பள்ளி என்று 1844 சட்டம் அனுமதித்த பிள்ளைகள். கடிதம் எழுதிவைக்கவில்லை, நிலம் வைத்துவிட்டுப் போகவில்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலுக்கு வந்த ஒருவர் எழுதிக்கொண்டு போன ஒற்றை வரிதான் மிச்சம். அந்த ஒரு வரியாவது சரியாக இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். எனக்கு அது முழுக்கப் புரிகிறது.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். சான்றிதழ் வந்ததும் நீங்கள் முந்திக்கொண்டு விளக்காமல், உறையை அவர் கையிலேயே கொடுங்கள். நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கல்யாணச் சான்றிதழின் அடியில் சாட்சிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டாவது பெயரைக் கவனித்தீர்களா? 1881இல் 22 வயது மூத்த மகளுக்கு இருக்கும் அதே முன்பெயர், குடும்பப் பெயர் மட்டும் வேறு. பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டிருப்பாள். அந்தக் குடும்பப் பெயரை வைத்து 1881க்கும் 1900க்கும் நடுவே அவளுடைய கல்யாணத்தைத் தேடுங்கள். கிடைத்தால் 1911 சென்சஸில் அவளுடைய வீட்டையும் பாருங்கள். எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை தங்கியது என்று அதில் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கேள்வி அப்போதைய கல்யாணத்தில் பிறந்தவர்களைப் பற்றியது, அந்த எண்ணில் அம்மாச்சி இருக்க மாட்டார். நீங்கள் அனுப்பியிருப்பது பொதுப் பதிவு அலுவலகத்து நகல், அதிலிருக்கும் கையெழுத்துகள் எல்லாம் பிரதி எடுத்தவர் பார்த்து எழுதியவை. கல்யாணம் கிராஸ் ஸ்டோன் சர்ச்சில் நடந்திருக்கிறது. அந்தச் சர்ச்சின் மூலப் பதிவேட்டுக்கு மேற்கு யார்க்ஷயர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அதில் அவள் தன் கையால் எழுதியது இருக்கும். அந்தப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்து வீட்டு அம்மாவின் கண்ணுக்குத் தெரிகிற அளவில் அச்சடித்துக் கொடுங்கள்.